அரிதான கார் வேறு, தேடப்படும் கார் வேறு

கேள்வி: எங்கள் தாத்தா 1974இல் வாங்கிய ஸ்டாண்டர்டு கெஸல் கார் ஒன்று வீட்டு ஷெட்டில் நிற்கிறது. அந்த மாடலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் விலை ஏறியிருக்க வேண்டுமே? பழைய கார்களில் எவை பிழைக்கின்றன, எவை சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்கின்றன என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

ஏமாற்றம் தரும் பகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் காரின் விலையும் ஏறியதில்லை. பத்து கார்கள் மிஞ்சியிருந்து, வாங்க ஆசைப்படுபவர் ஐந்து பேர் என்றால் அது மலிவாகத்தான் போகும். பத்தாயிரம் கார்கள் மிஞ்சியிருந்து ஒரு லட்சம் பேர் தேடினால் விலை எகிறும். "இது ரொம்ப அபூர்வம் சார்" என்று விற்பவர் சொல்லும்போது, அது ஏன் அபூர்வமானது என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலான கார்கள் அபூர்வமானதற்குக் காரணம், அவை புழக்கத்தில் இருந்த காலத்தில் யாருக்கும் அவற்றைக் காப்பாற்றத் தோன்றவில்லை என்பதுதான்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் செவர்லே வேகா. 1970 செப்டம்பரில், 1971ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அதற்கு ஆண்டின் சிறந்த கார் என்ற பட்டமும் கொடுத்தது. 1977 வரை சுமார் இருபது லட்சம் வண்டிகள் தயாராயின. ரயிலில் அனுப்பும் செலவைக் குறைக்க, கார்களை மூக்கு தரையைப் பார்க்கும்படி செங்குத்தாக மாட்டி, ஒரு வேகனுக்கு 30 கார் என்று அடுக்கினார்கள். அப்படித் தொங்கும்போது எண்ணெய் வழிந்துவிடாமலிருக்க எஞ்சினுக்குள் தடுப்பு ஒன்றையும் வைத்தார்கள். இத்தனை சாமர்த்தியம் காட்டியவர்கள் துருவிடம் கோட்டை விட்டார்கள். காரின் கூட்டைப் பிரைமர் (பெயின்டுக்கு முன் பூசும் துருத்தடுப்புப் பூச்சு) தொட்டியில் முழுதாக முக்கி எடுக்கும்போது, முன்பக்க மட்கார்டின் உச்சியில் காற்று சிறைப்பட்டு அந்த இடத்தில் பிரைமர் ஒட்டாமலே போனது. சக்கரம் வாரியடிக்கும் சேறும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சரியாக அங்கே போய்த் தங்கின. சில குளிர்காலங்களிலேயே மட்கார்டில் ஓட்டை விழுந்தது.

எஞ்சினின் கதையும் அப்படித்தான். பிளாக் அலுமினியத்தால் ஆனது, சிலிண்டர்களுக்கு இரும்பு லைனர் (உள்ளுறை) கிடையாது, ரேடியேட்டரும் சிறியது. தண்ணீர் குறைந்து ஒருமுறை கொதித்துவிட்டால் சிலிண்டர் சுவர் சிராய்த்துப்போய் வண்டி எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிடும். ஆறு வயது வேகாவில் மட்கார்டும் போய் எஞ்சினும் புகைந்தால், பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். உரிமையாளர் என்ன செய்வார்? பேரீச்சம்பழத்துக்குப் போட்டார். இருபது லட்சம் கார்கள் அப்படித்தான் கரைந்தன.

ஆனால் அதே வேகாவில் காஸ்வொர்த் வேகா என்று ஒரு வகை உண்டு. 1975, 1976 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 3,508 கார்கள் வந்தன. அதே கூடு, அதே மட்கார்டு, அதே துரு. மாறியது எஞ்சின்தான்: பிரிட்டனின் காஸ்வொர்த் நிறுவனம் வடிவமைத்த பதினாறு வால்வு சிலிண்டர் ஹெட்டும் எலெக்ட்ரானிக் பியூயல் இன்ஜெக்ஷனும் சேர்ந்தன. டேஷ்போர்டில் வரிசை எண் பொறித்த ஒரு சிறு தகடு பதித்திருந்தார்கள். விலை சாதாரண வேகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த விலை கொடுத்து வாங்கியவர் அதைக் கடைத்தெருவுக்கு ஓட்டிப்போக வாங்கவில்லை. கேரேஜில் வைத்துத் துடைத்தார், உப்புச் சாலையில் இறக்கவில்லை. அதனால் இருபது லட்சத்தில் பிழைத்த பங்கோடு ஒப்பிட்டால், இந்த மூவாயிரத்துச் சொச்சத்தில் பிழைத்த பங்கு பல மடங்கு. எத்தனை கார் தயாரித்தார்கள் என்பது பிழைப்பைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: இவ்வளவு பேணப்பட்டும் காஸ்வொர்த் வேகா இன்று கோடிகளில் விற்கும் கார் அல்ல. பிழைப்பதும் விலை போவதும் ஒரே கணக்கில் வருவதில்லை.

ஜாதகத்தில் கண்டம் என்பார்களே, கார்களுக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஏறத்தாழ பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை. பத்து வயதுக்கு முன் வண்டிக்குச் சந்தை மதிப்பு இருக்கும், செலவு செய்து ஓட்டுவார்கள். இருபத்தைந்தைத் தாண்டினால் பழமை என்ற கௌரவம் ஒட்டிக்கொள்ளும். நடுவில் அது வெறும் ஓட்டை வண்டி. பெரும்பாலான கார்கள் சாவது இந்த இடைவெளியில்தான்.

அரசாங்கங்களும் இந்த வயதைத்தான் குறிவைக்கும். 2009இல் அமெரிக்க அரசு பழைய காரைக் கொடுத்துப் புதிய கார் வாங்குபவர்களுக்கு மானியம் கொடுத்தது. ஒப்படைக்கும் கார் இருபத்தைந்து வயதுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. சில வாரங்களில் ஏறத்தாழ 6.8 லட்சம் கார்கள் வந்து குவிந்தன. அவை மறுபடி சாலைக்கு வரக்கூடாது என்பதற்காக, எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு அதற்குப் பதில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு இறுகச் செய்தார்கள். அதில் போனவற்றில் எத்தனை நல்ல வண்டிகள் இருந்தனவோ! எண்பதுகளின் பிற்பகுதிக் கார்களைத் தேடும் இன்றைய தலைமுறை அந்தக் கணக்கை இனிமேல்தான் போட்டுப் பார்க்கும்.

கண்டத்தைத் தாண்டிய கார்களில் உச்சம் பெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை தயாரான 36 கார்களும் இன்றும் கணக்கில் இருக்கின்றன. நூற்றுக்கு நூறு. ஒன்று 2018இல் கலிபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. இதைக் கேட்டதும், பிறந்த நாளிலிருந்தே பட்டுத்துணி போர்த்தி வைத்திருப்பார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. அறுபதுகளின் முடிவில் ஜிடிஓ என்றால் ஓய்ந்துபோன பந்தயக் கார், அவ்வளவுதான். அவற்றில் ஒன்றை டெக்சாஸ் மாநிலத்தின் விக்டோரியா நகர உயர்நிலைப் பள்ளிக்கு, மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகுவதற்காக நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். பள்ளி அதை 1972இல் 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹையோவில் ஒரு திறந்தவெளியில் டிரெய்லர்மேல் ஏற்றி நிறுத்தினார். மழையிலும் பனியிலும் அது எண்பதுகளின் பிற்பகுதிவரை அப்படியே நின்றது. அது பிழைத்ததற்கு ஒரே காரணம், பெராரி என்ற பெயரைப் பார்த்தபின் எடைக்குப் போட யாருக்கும் கை வரவில்லை.

பெயர் இருந்தும் தப்பாதவை உண்டு. கிறைஸ்லர் நிறுவனம் அறுபதுகளில் டர்பைன் எஞ்சின் பொருத்திய 55 கார்களைத் தயாரித்தது. கூடு இத்தாலியின் கியா பட்டறையில் செய்யப்பட்டது. 203 பேருக்கு ஆளுக்கு மூன்று மாதம் என்று ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். சோதனை முடிந்ததும் 46 கார்களை நிறுவனமே அழித்தது. மிச்சம் ஒன்பது. அவற்றிலும் பெரும்பாலானவை அருங்காட்சியகங்களிலும் நிறுவனங்களின் கையிலும் இருக்கின்றன. தனியாருக்கு எட்டியவை மிகச் சில. இங்கே பிழைப்பு விகிதத்தை உரிமையாளரின் அக்கறையோ துருவோ தீர்மானிக்கவில்லை, ஒரு நிறுவனத்தின் ஒற்றை உத்தரவு தீர்மானித்தது. இதற்கு நேரெதிர் டக்கர் 48 என்ற அமெரிக்கக் கார். முன்மாதிரியையும் சேர்த்து 51 கார்கள்தான் வந்தன, கம்பெனி 1949இல் படுத்துவிட்டது. ஆனால் தொடக்கத்திலிருந்தே அதைச் சுற்றி ஒரு வழக்கும் கதையும் பரபரப்பும் இருந்ததால் 47 கார்கள் பிழைத்தன.

எவை பிழைக்கின்றன என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தயாரான எண்ணிக்கை கம்பெனி ஆவணங்களில் கிடைத்துவிடும். மிஞ்சியது எத்தனை என்பதுதான் சிக்கல். இந்த விஷயத்தில் பிரிட்டன் கொடுத்துவைத்த நாடு. அங்கே வாகன உரிமத் துறை, உரிமத்தோடு சாலையில் ஓடுபவை எத்தனை, ஓட்டாமல் வீட்டில் வைத்திருப்பதாக உரிமையாளர் அறிவித்தவை எத்தனை என்று மாடல் வாரியாகப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. அதைப் பார்த்தால் வயிறு கலங்கும். 1973 முதல் 1982 வரை 6.4 லட்சம் தயாரான ஆஸ்டின் அலெக்ரோ, இன்று உரிமத்தோடு ஓடுவது சில நூறுதான். ஜிடிஓவுக்கு இருக்கும் பாதுகாப்பு அந்தக் குடும்பக் காருக்குக் கிடைக்கவில்லை. அதற்காக அலெக்ரோ விலை எகிறிவிட்டதா என்றால், இல்லை. அன்போடு வைத்திருப்பவர்கள் ஒரு சங்கமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டில் அந்த வசதி கிடையாது. காயலாங்கடையில் வெட்டித் துண்டு போட்ட வண்டியின் ஆர்.சி.யை யாரும் போய் ரத்து செய்வதில்லை. பதிவேட்டில் அது உயிரோடு இருக்கும். மறுபுறம், கொட்டகையில் கிடக்கும் வண்டி எந்தப் புதிய பதிவேட்டிலும் ஏறியிருக்காது. ஆகவே இந்திய மாடல்களைப் பற்றி "நாடு முழுக்கப் பதினேழுதான் இருக்கிறது" என்று யாராவது துல்லியமாகச் சொன்னால், அது அவருக்குத் தெரிந்த பதினேழு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்வலர் சங்கங்கள் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பர் வாரியாகத் தொகுக்கும் பட்டியல்கள்தான் ஓரளவு நம்பத்தக்கவை.

தயாரிப்பாளர்கள் சொல்லும் சதவீதத்தையும் பாதிதான் நம்ப வேண்டும். தயாரித்த வண்டிகளில் பெரும்பங்கு இன்னும் ஓடுகிறது என்று லேண்ட் ரோவர் பற்றிச் சொல்லப்படும் பெருமை வெகுகாலமாகச் சுற்றிவருகிறது. அதன் மேல்கூடு அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது, உண்மைதான். அடியில் இருக்கும் சேஸிஸ் எஃகு ஆயிற்றே! அது அரித்தால் வேறு சேஸிஸை மாற்றி அதே நம்பரில் ஓட்டுவார்கள். அப்படி ஓடுவது பழைய வண்டியா புதியதா என்பது தத்துவவாதிகளுக்கு விடவேண்டிய கேள்வி.

அதைவிட வேடிக்கை, பிழைப்பு விகிதம் காலப்போக்கில் கூடுவது. 1957 பிப்ரவரி 12 அன்று ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீ விபத்து. தயாராக இருந்த 25 எக்ஸ்கேஎஸ்எஸ் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்பது எரிந்தன, உலகுக்குக் கிடைத்தவை 16. ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து அந்த ஒன்பதையும் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று ஜாகுவாரே அறிவித்தது. ஜாகுவாரின் பந்தயக் காரான இ-டைப் லைட்வெயிட்டிலும் இதே கதைதான். அறுபதுகளில் திட்டமிட்டது 18, கட்டியது 12. விட்டுப்போன ஆறு சேஸிஸ் நம்பர்களுக்கும் 2014இல் கார் பிறந்தது. தொழிற்சாலையே செய்தால் இப்படிக் கௌரவமான பெயர் கிடைக்கும். தனிப்பட்டறைகள் செய்தால் போலி. கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரில் அசல் ஆயிரம்தான், நகல்களோ பல்லாயிரம். பழைய கார் உலகில் பழகிப்போன ஒரு கிண்டல் உண்டு: "மொத்தம் நூறு கார் தயாரானது, அதில் இருநூறு இன்னும் ஓடுகிறது." சேகரிப்பாளர்கள் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் தொழிற்சாலை ஆவணத்தோடு பொருந்துகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது இதனால்தான். நம்பர் பொருந்திய காருக்கும் எஞ்சின் மாற்றிய காருக்கும், வெளித்தோற்றத்தில் வித்தியாசமே இல்லாவிட்டாலும், விலையில் பெரிய இடைவெளி இருக்கும்.

சேகரிக்கத் தகுந்தது எது என்பதில் என் அனுபவம் சொல்வது இரண்டு விஷயம்தான். ஒன்று, இன்று கையில் பணம் இருக்கும் வயதினர் பதினைந்து வயதில் எதைப் பார்த்து ஏங்கினார்கள் என்பது. போர்டு மாடல் டி ஒன்றரைக் கோடி தயாரானது. உலகையே மாற்றிய கார். ஆனாலும் அமெரிக்காவில் ஓடும் நிலையில் உள்ள ஒரு மாடல் டி, புதிய குடும்பக் காரைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதை ஓட்டிப் பழகிய, அதைப் பார்த்து ஏங்கிய தலைமுறை போய்விட்டது. இப்போது எண்பது, தொண்ணூறுகளின் ஜப்பானியக் கார்கள் ஏறுவதும் இதே கணக்கில்தான்.

இரண்டாவது உதிரி பாகம். போர்டின் மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமானபோது முதல் நாளிலேயே 22,000 ஆர்டர் குவிந்தது. அத்தனை பெருகிய காருக்கு அபூர்வம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் இன்று அதற்கு ஒரு திருகாணி முதல் முழுக் கூடு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். துருப்பிடித்த மஸ்டாங்கை யாரும் எடைக்குப் போடுவதில்லை, ஏனென்றால் சரிசெய்ய முடியும். பாகம் கிடைப்பதால் கார் பிழைக்கிறது, கார்கள் பிழைப்பதால் பாகம் செய்பவருக்குத் தொழில் நடக்கிறது. இந்தச் சுழலுக்குள் நுழையாத மாடல்கள் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கிடைக்காததால் ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நின்று, பிறகு மண்ணாகிவிடும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். இங்கே துருவைவிடப் பெரிய எமன் விதிமுறை. மும்பையில் டாக்சிக்கு இருபது வயது உச்சவரம்பு. கடைசியாக 2003 அக்டோபரில் பதிவான பிரீமியர் பத்மினி டாக்சி, அந்தக் கெடு முடிந்து 2023 அக்டோபரில் சாலையிலிருந்து இறங்கியது. தலைநகரில் டீசலுக்குப் பத்து வயது, பெட்ரோலுக்குப் பதினைந்து வயது என்ற கட்டுப்பாட்டை 2018இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. நான் மேலே சொன்ன கண்டம் அங்கே அப்போது அப்படியே சட்டமானது. தப்பியவற்றுக்கு ஆதரவாக 2021இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: முதல் பதிவிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவுசெய்யலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவு உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. உங்கள் தாத்தாவின் வண்டி ஐம்பதைத் தாண்டிவிட்டது.

கெஸலைப் பற்றி. அது சென்னைக்கு வெளியே பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தில் பிறந்த கார். முன்னோடி அதே ஆலையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு; அதற்கும் மூலம் பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு. பிரிட்டனில் பெரிய எஞ்சினுக்கு மாறிப்போன பிறகும் இங்கே 948 சிசி எஞ்சினிலேயே நின்றார்கள். 1972இல் கெஸலாக மாற்றியபோது, பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஹெரால்டின் அமைப்பை வாங்குபவர்கள் நம்பாததால், அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்சில் பொருத்தினார்கள். 1977க்குப் பிறகு கெஸல் இல்லை.

எனவே உங்கள் நிலைமை இரண்டுங்கெட்டானாக இருக்கிறது. பிரிட்டனில் ஹெரால்டு ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது, அதற்கு வலுவான சங்கங்களும் பாகம் விற்பவர்களும் இன்றும் உண்டு. ஆகவே எஞ்சின் பாகங்களில் பலவற்றை அங்கிருந்து வரவழைக்கலாம். தனி சேஸிஸ்மேல் கூட்டை வைத்துப் பொருத்திய வண்டி என்பதால் கழற்றி வேலை பார்ப்பதும் சுலபம். ஆனால் கெஸலுக்கென்றே செய்த தகடு, கிரில் போன்றவை உலகில் வேறெங்கும் கிடைக்காது. சென்னையில் பழைய பாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடினாலும் அதிர்ஷ்டம்தான் வேண்டும். அதனால் உங்கள் வண்டியில் எஞ்சின் இறுகியிருந்தால் கவலைப்படாதீர்கள், கிரில் காணாமல் போயிருந்தால் கவலைப்படுங்கள்.

விலை என்று பார்த்தால், மெர்சிடிஸ், பியூக் தேடும் பெரும் பணக்காரர்கள் கெஸலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தேடுபவர்கள் அந்தக் காரில் பள்ளிக்கூடம் போன ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வேண்டும் என்று நினைத்தால் பேரம் அதிகம் பேசமாட்டார்கள். அப்படி ஒருவர் வரும்வரை வண்டியைக் கெடுக்காமல் வைத்திருங்கள். வந்து பார்த்த டிங்கர் "மொத்தமாகத் தேய்த்து, பட்டி வைத்து, மெட்டாலிக் பெயின்ட் அடித்துவிடலாம்" என்பார், வேண்டாம். மங்கிய அசல் பெயின்ட் புதுப் பெயின்டைவிட மேல். வேறு எஞ்சின் மாற்றச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். டயரிலிருந்து எடையை இறக்கி நான்கு மூலையிலும் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள், பெட்ரோல் டேங்கை வடித்துவிடுங்கள், சீட்டுக்கடியில் எலி புகாமல் பாருங்கள். சேஸிஸ் நம்பர் தகட்டைத் தேய்த்துப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். வண்டி இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் பெயரை மாற்றுங்கள். கார் எவ்வளவு பளபளத்தாலும் காகிதம் சரியில்லாத வண்டியை நல்ல விலை கொடுக்கக்கூடியவர் தொடமாட்டார். பழைய இன்சூரன்ஸ் தாள், ஸ்டாண்டர்டு டீலர் கொடுத்த ரசீது, கையேடு எதுவும் பீரோவில் கிடந்தால் எடுத்து வையுங்கள். அவை இருந்தால் விலை பேசும்போது உங்கள் கை ஓங்கியிருக்கும்.